குளிர் விடாத பை

இனிமேல் எந்தச் சுற்றுலாவிலும் ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய ஒரே அறை அதுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஐஸ் பெட்டி. நீலப் பிளாஸ்டிக், வெள்ளை மூடி, ஒரே ஒரு கைப்பிடி. ஏரிக்கரையோ, கடற்கரையோ, பூங்காவோ, எங்கே போனாலும் அது என் வலது கையில் தொங்கிக்கொண்டு வரும். போன மாதம் சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர் அளவு நாடாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

"சார், வலது கை கொஞ்சம் நீளமா இருக்கே. பிறவியிலேயே அப்படியா?"

"இல்லைங்க. கல்யாணத்துக்கு அப்புறம்" என்றேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பார்வையைச் சரிசெய்கிறேன். என் கண்முன்னே நடப்பது மட்டும் எனக்குத் தெரிவதில்லை.

என் கஷ்டத்தை மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகாதவர். அதனால் கல்யாண வாழ்க்கையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது.

"இதுக்குப் போய் முழிக்கிறீங்களே! முதுகுல மாட்டுற பையிலயே இப்ப ஐஸ் பெட்டி வருது. ஒண்ணு வாங்குங்க" என்றார்.

"வாங்கி? கையிலிருந்து முதுகுக்கு மாத்திக்கணுமா? அது இடமாற்றம் சார். விடுதலை இல்லை."

"முழுசாக் கேளுங்க. அதை வீட்டம்மாவுக்குப் பொறந்த நாள் பரிசாக் குடுங்க. லேடீஸ் சைஸ், லேடீஸ் கலர். அப்புறம் அது அவங்க பொருள். அவங்க கைப்பையை நீங்களா தூக்கறீங்க?"

"ஆமா."

அவர் என் வலது கையை ஒரு தடவை பார்த்தார். "சரி, இதை மட்டும் தூக்காதீங்க" என்றார்.

மறுநாளே கடைக்குப் போனேன். ஒரு பை வாங்க இத்தனை விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சுவர் முழுக்கப் பை. பை பையாகப் பார்த்துப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. விற்பனைப் பெண் ஒன்றை எடுத்து ஜிப்பைத் திறந்து காட்டினாள்.

"வெளியே தண்ணி ஒட்டாத துணி சார். நடுவுல கெட்டி நுரை. உள்ளே பளபளன்னு வெள்ளித் தாள்."

"எதுக்கு மூணு?"

"வெளிச் சூடு உள்ளே போகக் கூடாது. உள் குளிர் வெளியே வரக் கூடாது."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. தலையை உள்ளே விட்டேன். ஒரே வெள்ளிப் பிரகாசம். 'ஹலோ' என்று சொல்லிப் பார்த்தேன். குரல் பஞ்சு வைத்து அடைத்த மாதிரிக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன்.

"சார், வெளியே வாங்க. அடுத்தவங்க பார்க்கணும்."

வந்தேன். "ஒழுகுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி, ஜிப்பை மூடி, பையைத் தலைகீழாக என் தலைக்கு மேலேயே பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப அந்தப் பெரிசு குடுங்க. நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு சார் பெரிசு? காலி இடம் விழும். காலி இடத்துல காத்து நிக்கும். காத்து ஐஸைத் தின்னுடும்."

காற்று ஐஸைத் தின்னும்! எத்தனை வருஷமாக ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறேன், யார் தின்றது என்று யோசித்ததே இல்லை. நடுத்தர அளவில், கத்தரிப்பூ நிறத்தில், பெண்களுக்கென்றே தைத்த பையை எடுத்தேன். மாட்டிப் பார்த்தேன். வார் அக்குளை அறுத்தது. அப்பாடா! எனக்குச் சேரவில்லை. அதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறென்ன வேண்டும்?

பிறந்த நாள் காலையில் கொடுத்தேன்.

"எனக்கா?" என்று மனைவி கண்ணை விரித்தாள். பையைத் திருப்பினாள், தடவினாள், மோந்து பார்த்தாள். பிறகு அவளும் தலையை உள்ளே விட்டு 'ஹலோ' என்றாள். அந்த நொடியில் எனக்கு அவள்மேல் அபாரமான பிரியம் வந்தது.

"ஏங்க, இதுல ஐஸ் எங்க வைக்கணும்? அடியிலயா, மேலயா?"

"மேல. குளிர் கீழே இறங்கும்."

"அப்படியா! அடிக்கடி திறந்தா?"

"திறக்கவே கூடாது. குளிர் விட்டுப் போயிடும்."

"காலி இடம் இருந்தா?"

"துண்டைச் சுருட்டி அடைக்கணும். இல்லேன்னா காத்து ஐஸைத் தின்னுடும்."

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க! எங்க ஸ்கூல்ல நீங்க இருந்திருக்கணும்."

அறிவியல் டீச்சர் சொல்கிறாள்! என் உயரம் கூடியது. நான் பைக்குள் ஐஸ் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு அது குளுகுளுவென்றுதான் இருந்தது.

அன்றைக்கே பரிசோதனை. ஒரு கட்டி ஐஸைப் பையில் போட்டு மூடி, இன்னொரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, இரண்டையும் பால்கனி வெயிலில் வைத்தோம். கிண்ணத்து ஐஸ் எங்கள் கண்ணெதிரே மெலிந்து, வழுக்கி, தண்ணீராகிவிட்டது. பையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"திறந்து பார்க்கலாமா?"

"நீங்கதானே திறக்கக் கூடாதுன்னீங்க?"

"சும்மா ஒரு ஓரமா."

"குளிர் விட்டுப் போயிடும்."

சாயங்காலம் திறந்தோம். ஐஸ் கொஞ்சம் முனை மழுங்கியிருந்தது. அவ்வளவுதான். இரண்டு பேரும் கை தட்டினோம். எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

"ஏங்க, இந்த வார் நீளுது பாருங்க" என்றாள் மனைவி. எங்கேயோ ஒரு கொக்கியை அழுத்தி இழுத்தாள். வார் சரசரவென்று என் அளவுக்கு நீண்டது.

"அது உனக்கு வசதியா இருக்கட்டும்னு வச்சிருப்பாங்க. குறைச்சு வை" என்றேன்.

குறைத்து வைத்தாள்.

சனிக்கிழமை குன்றுக்குப் போவதென்று ஏற்பாடு. காலையில் அவளே பையை அடுக்கினாள். ரொட்டி, அவித்த முட்டை, பழச்சாறு, தண்ணீர் பாட்டில்கள், மேலே வைக்க ஐஸ், ஒரு முழுத் தர்பூசணி.

"முழுசாவா? வெட்டி எடுத்துக்கலாமே."

"வெட்டினா சாறு ஒழுகும்ங்க. தோலோட இருந்தா குளிரையும் பிடிச்சு வச்சுக்கும்."

தூக்கப்போகிறவள் அவள். எனக்கென்ன! "தாராளமா எடுத்துக்கோ. இன்னொரு பாட்டில்கூட வை" என்றேன். வைத்தாள்.

பிறகு நான் நம்பவே முடியாத காட்சி. அவளே பையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். "யாரும் தொடக் கூடாது. என் பரிசு" என்றாள். எனக்குக் குளிர் விட்டுப் போயிற்று. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வாசலில் இறங்கினேன். மாடி ஜன்னலிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் கட்டை விரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த விரல் ஓய்வாக இருக்கிறது!

தெருமுனை தாண்டியதும் அவள் நின்றாள்.

"ஏங்க, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார் இருக்கே, அது எதுக்கு?"

"தோள் வார் நழுவாம இருக்க."

"இறுக்கினா மூச்சு முட்டுது. தளர்த்தினா பை ஆடுது. எது சரி?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"அந்த நடுதான் பிடிபட மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை நீங்க போட்டுக் காட்டுங்களேன். பின்னாலிருந்து பார்த்தா எனக்குப் புரிஞ்சுடும்."

நியாயமான சந்தேகம். சொல்லிக் கொடுக்காமல் விட்டால் தப்பு. வாரை நீட்டி மாட்டிக்கொண்டேன். நெஞ்சு வாரைப் பொருத்தினேன். டிக்!

"கொஞ்சம் நடங்க. ஆடுதான்னு பார்க்கறேன்."

நடந்தேன்.

"அட, ஆடவே இல்லையே! எப்படிங்க?"

"கனமானதெல்லாம் முதுகை ஒட்டி இருக்கணும்மா. தள்ளி இருந்தா பின்னால இழுக்கும்."

"பஸ்ஸுல ஏறும்போது?"

"முதல்ல இடது கால். அப்புறம் கம்பி. அப்புறம் பை."

"காட்டுங்க."

பஸ் வந்தது. காட்டினேன். உட்காரும்போது எப்படிக் கழற்றாமல் உட்காருவது என்று கேட்டாள். அதையும் காட்டினேன். கால் இருக்கையில் நானும் முக்கால் இருக்கையில் தர்பூசணியுமாக உட்கார்ந்து வந்தோம்.

குன்றின் அடிவாரத்தில், "இப்ப நீ போட்டுக்கோ" என்றேன்.

"குடுங்க, குடுங்க" என்று ஆசையாகக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. "ஆனா மேட்டுல ஏறும்போது முன்னால குனியணுமா, நிமிரணுமா?"

"இடுப்புல மடங்கக் கூடாது. கணுக்கால்லேருந்து சாயணும்."

"கணுக்கால்லேருந்தா! அது எப்படி சாய முடியும்?"

சாய்ந்து காட்டினேன். வளைவில் எப்படித் திரும்புவது என்று கேட்டாள். திரும்பிக் காட்டினேன். படி வந்தது. வழுக்குப் பாறை வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு சந்தேகம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. மூச்சுதான் இல்லை. பைக்குள்ளே வெள்ளி. என் முதுகில் சனி.

"உங்களை மாதிரி யாருங்க இவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுப்பாங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் இன்னும் வேகமாக ஏறினேன்.

உச்சியில் பையை இறக்கி வைத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஏறுவதற்கு இனிமேல் மேடே இல்லை.

"எல்லாமே தெளிவாப் புரிஞ்சுடுச்சுங்க" என்றாள் மனைவி.

கோபப்படலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் ஜிப்பைத் திறந்துவிட்டாள். உள்ளேயிருந்து ஜில்லென்று ஒரு மூச்சு வந்து என் முகத்தில் பட்டது. ஐஸ் அப்படியே இருந்தது. வெளியே சித்திரை, உள்ளே மார்கழி! கையை விட்டேன். முழங்கைவரை விட்டேன். தர்பூசணியை வெட்டிக் கடித்தபோது பல் கூசியது. இந்த வெயிலில், இத்தனை உயரத்தில், பல் கூசுகிற பழம்! அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்து முட்டாள்கள் மாதிரிச் சிரித்தோம். பை விஷயத்தில் நான் ஏமாறவில்லை. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் கண்டிப்பாகச் சொன்னேன். "இறங்கும்போது நீதான் தூக்கறே. சந்தேகம் எதுவும் கேட்கக் கூடாது."

"அதுக்கென்னங்க. காலிப் பைதானே. நீங்க கொஞ்சம் படுங்க."

மர நிழலில் படுத்தேன். நல்ல தூக்கம். எழுந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. முன்னால் நடந்தாள். நான் பின்னால், கைகளை வீசிக்கொண்டு, வாயில் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டு, ராஜா மாதிரி இறங்கினேன். தாமதமாக வந்தாலும் நீதி வந்துவிட்டதே என்றிருந்தது.

பாதி வழியில் ஒரு தம்பதி நாயோடு ஏறி வந்தார்கள். அந்த அம்மா என் மனைவியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா, இப்படி வேர்த்து ஊத்துது! இவ்வளவு பாரத்தையா தனியாத் தூக்கிட்டு வர்றே?"

"பரவாயில்லைங்க" என்றாள் மனைவி. குரல் மெலிந்திருந்தது.

"பின்னால புல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றது யாரு?"

"வீட்டுக்காரருங்க."

நான் புல்லைத் துப்பினேன். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். நாயைச் சேர்த்தால் நான்கு.

"காலிப் பைங்க அது!" என்றேன். "உள்ளே ஒண்ணுமே இல்லை. வெறும் காத்து!"

அந்தக் கணவர் பையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது. பை ஏறவில்லை.

"காத்தா?" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கண்ணாடியும் போட்டுச் சரிசெய்ய முடியாது. நாய்கூட ஒரு தடவை உறுமியது. எனக்கு மானம் போயிற்று. பாய்ந்து போய், "குடும்மா, குடு, நான் அப்பவே கேட்டேனே" என்று உளறிக்கொண்டே பையைப் பிடுங்கி மாட்டினேன். முழங்கால் இரண்டும் தானாக மடங்கின.

"என்னம்மா இது?" என்று பல்லுக்குள் கேட்டேன்.

"கல்லுங்க. மேல ஓடையில அழகழகாக் கிடந்தது. ஏழாம் வகுப்புல பாறை வகைகள் பாடம் நடத்தணும்" என்று காதருகே சொன்னாள். "நான் தூக்கிட்டு வரப் போறதுதானேன்னு கொஞ்சம் தாராளமா எடுத்துட்டேன்."

போகும்போது ஐஸ். உருகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வரும்போது கல்.

அதற்குள் அந்த அம்மாவின் முகம் குளிர்ந்துவிட்டது. "குடுத்து வச்சவம்மா நீ. வாயைத் திறந்து கேட்காமலே வந்து வாங்கிக்கிட்டாரே!" என்றாள்.

மனைவி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்ங்க. நான் அதைக் கெடுப்பானேன்?"