கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்கு

என்னோடு கூடப் பிறந்த ஒரே அண்ணனுக்குத் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அந்த வார்த்தையை மட்டும் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரை எடுத்த அன்றைக்கு நீங்கள் வாசல்வரை வராமலே திரும்பிப் போய்விட்டீர்கள். "என் இடத்துக்குத்தான் போலீஸ்காரனைப் போட்டாச்சே, இனி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். நடந்ததை நான் சொல்லாமல் நீங்கள் கோபப்படுவது நியாயம் இல்லை. கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

அன்றைக்குக் காலையில் அவரை முன்னறையில் படுக்க வைத்திருந்தோம். வாசலுக்கு எதிரே தெருவில் துணிப்பந்தல் கட்டி, வாடகை நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்குக் காபி சொல்லியிருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கேஸ் டேங்கர் லாரி ஒன்று திரும்பத் தெரியாமல் திரும்பிக் கவிழ்ந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. கேஸ் வாடை வந்ததும் நான்தான் அழுகையை நிறுத்திவிட்டு, யார் வீட்டில் அடுப்பை அணைக்காமல் ஒப்பாரிக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். நாலு பெண்கள் எழுந்து ஓடினார்கள். அதற்குள் போலீஸ் வந்து, யாரும் சுவிட்சைத் தொடாதே, செல்போனை எடுக்காதே, கட்டியிருக்கிற துணியோடு வெளியே வா என்று மைக்கில் கத்த ஆரம்பித்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாதி வரியில் எழுந்து போய்விட்டார்கள். ஒரு எஸ்.ஐ. வாசலில் நின்று, வீட்டுக்குள்ளே இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் என்றேன்.

"அவரையும் வெளிய வரச் சொல்லும்மா."

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்காரு, இன்னைக்குக் கேக்க?"

அவர் கோபமாக உள்ளே வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாவம், நல்ல பிள்ளைதான். ஆனால் சட்டத்தை விடவில்லை. இந்த மாதிரி ஆபத்து நேரத்தில் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதாம், வர மாட்டேன் என்றால் தூக்கவும் அதிகாரம் இருக்கிறதாம், ஆனால் அந்த அதிகாரம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம். அப்படியானால் என்னையும் செத்தவள் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு டாக்டர் வேண்டும் என்றார். கடைசியில் இரண்டு பெண் போலீஸ் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் வைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட என்னை யாரும் அப்படித் தாங்கியதில்லை அண்ணா.

யாரும் உள்ளே போகாமல் தடுக்கிற கயிற்றை எங்கள் வாசல் தூணில்தான் கட்டினார்கள். கயிற்றுக்கு உள்ளே தீயணைப்புக்காரர் ராஜ்ஜியம், வெளியே போலீஸ் ராஜ்ஜியம். வீடு உள்ளே, பந்தல் வெளியே. அவரை ஏற்ற வந்த வண்டியை உள்ளே கொண்டுவந்தால் பொறி பட்டுத் தெருவே போய்விடும் என்றார் தீயணைப்பு அதிகாரி. தூக்கிக்கொண்டாவது வாருங்கள் என்றால், லாரிக்குத் தண்ணீர் அடிக்கிற ஆளை விட முடியாது என்றார். போலீஸைக் கேட்டால் உள்ளே அவர் சொன்னால்தான் நடக்கும் என்றது. அவரைக் கேட்டால் மொத்தத்துக்கும் மேலே பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், அவரைக் கேள் என்றார். அந்தப் பெரிய அதிகாரியும் வந்தார், ஒரு அம்மா. பந்தலும் நாற்காலியும் தயாராக இருப்பதைப் பார்த்து, இதுதான் நம் ஆபீஸ் என்று சொல்லி, மாலை வைத்திருந்த மேஜையில் தெருவின் படத்தை விரித்துவிட்டார். அவசரத்துக்கு யாருடைய பொருளையும் எடுத்துக்கொள்ளவும் சட்டம் இருக்கிறதாம். நம் காபியைக் குடிக்கவும் இருந்திருக்க வேண்டும், அண்டா காலி.

இதில் தாமதமாகத் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒன்றும் தெரியாமல், பந்தல் நிறையத் தொப்பியும், ஒருவருக்கொருவர் அடிக்கிற சல்யூட்டும் பார்த்து மலைத்துவிட்டார்கள். தையல் மெஷின் ரிப்பேர் பார்த்த மனிதனுக்கு இத்தனை மரியாதையா என்று பெரிய கடைத் தையல்காரர் அந்த அதிகாரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனுஷன் போய்ட்டாரேம்மா என்று அழுதார். அந்த அம்மாவும் ஒரு கையில் வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போதுதான் நான் அந்த அம்மாவிடம் போனேன். நம் வீட்டில் செத்தவரைத் தனியே விட மாட்டோம், தலைமாட்டில் என் அண்ணன் உட்கார வேண்டும், அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், வரும்வரை யாராவது அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

"உள்ள உயிரோட ஒரு ஆளை விட எனக்குச் சட்டத்துல இடமில்லம்மா."

"சட்டத்துல இல்லன்னா என்னம்மா, வீட்ல நிறைய இடம் இருக்கு."

அந்த அம்மா வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார். பிறகு, நம் வாசலில் காவல் நின்ற குண்டுப் போலீஸ்காரரைக் கூப்பிட்டு, நீ எப்படியும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளேதானே நிற்கிறாய், இரண்டு அடி தள்ளிப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து காவல் பார், அண்ணன் இடத்தில் நீ இருக்கிறாய் என்று உத்தரவு போட்டார். அந்த மனிதரும் யானைத் தும்பிக்கை மாதிரி முகமூடியோடு போய், கையைக் கட்டிக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரியே தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில்தான் நீங்கள் கயிற்றின் அந்தக் கோடியில் வந்து நின்றிருக்கிறீர்கள். நான் அந்த வீட்டுக்காரியின் அண்ணன், உள்ளே விடு என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே நின்றவனுக்கு வயர்லெஸ்ஸில் வந்ததைத்தான் அவன் சொல்லியிருக்கிறான், "அண்ணன் இடத்துக்கு எங்க ஆளைப் போட்டாச்சுங்க, நீங்க கிளம்புங்க" என்று. அவனுக்கு உத்தரவு தெரியும், உறவு தெரியாது.

பிறகு லாரியில் இருந்த கேஸை வேறு லாரிக்கு மாற்றினார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். தீயணைப்புக்காரர் இரண்டு பேரும் போலீஸ்காரர் இரண்டு பேரும் அவரைத் தூக்கினார்கள். நான் கூட்டத்தில் உங்கள் தலையைத் தேடினேன். வழுக்கைத் தலை ஒவ்வொன்றும் நீங்களாகவே தெரிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. வந்து சமாதானம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், பக்கத்து வீட்டு அக்கா துணை இருக்கிறாள். உங்களுக்கு முடிந்தபோது வந்தால் போதும், வராவிட்டாலும் போதும். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை.

பின்குறிப்பு: குறை இல்லை என்று மேலே எழுதியது பொய். உலை வைத்தால் இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் கோபம் ஆறி வர வேண்டாம் அண்ணா, கோபத்தோடேயே வாருங்கள். வந்து வாசலில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.