அப்பா சாப்பிடாத பாதாம்

அன்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எவ்வளவு சௌக்கியம் என்பதுதான் பிரச்சினை. அதை ஏழு நாள் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டோம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பஸ் ஓட்டுகிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் யாருக்குச் சர்க்கரை வருகிறது, யாருக்கு இதயம் கெடுகிறது, வயதானபின் யார் தாங்குகிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி. பத்து வருஷம் நடக்குமாம். டிப்போவுக்கே வந்து இடுப்பை அளந்து, ரத்தம் எடுத்து, ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டதை அப்படியே எழுத வேண்டும், அவ்வளவுதான். அப்பா நோட்டை அம்மாவிடம் கொடுத்தார். வெளியாள் படிக்கிற நோட்டு என்றதும் அம்மா, விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல எங்கள் சாப்பாட்டையும் பெருக்கித் துடைத்துவிட்டாள். காலையில் ஓட்ஸ். பதினோரு மணிக்குப் பாதாம் ஆறு. மதியம் ஐந்து நிறத்தில் காய்கறி. "இந்த வீட்டுக்குள்ள பாதாம் எப்பம்மா வந்துச்சு?" என்றேன். "சரி, நாலுன்னு போடவா?" என்றாள்.

உண்மை என்ன? விடியற்காலை வெறும் வயிற்றோடு ஸ்டியரிங். ஒவ்வொரு கடைசி ஸ்டாப்பிலும் ஒரு பன், மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் என்று காகிதத்தில் இருக்கிறது. பஸ் லேட்டானால் டைம்கீப்பர் முதலில் கைவைப்பது அந்த இருபதில்தான். டிபன் பாக்ஸ் மூன்றரைக்குத் திறந்தால் அதிர்ஷ்டம். ஐந்து நிறத்தில் தின்னச் சொல்கிறவர்கள், அதை மெல்ல நேரம் யார் தருவது என்று ஒரு ஆராய்ச்சி செய்தால், நானே போய் ரத்தம் கொடுப்பேன்.

நடுவில் ஒரு நர்ஸ் தராசோடு வீட்டுக்கு வந்துவிட்டாள், எங்கள் சாப்பாட்டை எடைபோட. அம்மா ஷோகேஸில் இருந்த பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்து மேஜையில் வைத்தாள். "ரொம்ப லேசா இருக்கேம்மா?" "உடம்புக்கு லேசானதுதாங்க சாப்பிடுவோம்." நர்ஸ் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் பதினாலு வீடு இருக்கு" என்று பதினெட்டு கிராம் எழுதிக்கொண்டு ஓடினாள். அவளும் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

பிறகு ரிசல்ட் வந்தது. மாத்திரை போட்டும் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, நோட்டோ சொக்கத்தங்கம். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல சார். அப்ப மாத்திரைதான் வேலை செய்யல. திங்கட்கிழமை இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்." அம்மா என் விலாவில் இடித்தாள்: "பாத்தியா, குறையே இல்லேன்னுட்டார்!"

மருந்துக்கடையில் நிற்கிறவள் நான், எனக்கு ஊசி பயமில்லை. ஆனால் ஊசியைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கிக் கண்ணை இருட்டும். அப்போது அப்பா கையில் ஸ்டியரிங் இருக்கும், பின்னால் அறுபது பேர் இருப்பார்கள். சொன்னால் அப்பா கேட்டால்தானே!

"இப்பப் போயி பொய்யின்னா டிப்போல மூஞ்சிய எங்க வச்சுக்கறது? நம்ம நோட்டைத்தான் போர்டுல மாதிரின்னு ஒட்டியிருக்காங்க."

"மயங்கி விழுந்தா மட்டும் மூஞ்சி நல்லாருக்குமாப்பா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"ஆமா. நோட்டுல எழுதின பாதாமைத் தின்னே வளந்த வாயி."

இந்த உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். சின்ன வயதில் அவர் சொன்ன ஒரு பொய்யைக்கூட நீங்கள் விட்டதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து ஒரே ஒரு அதட்டு போடுங்கள், போதும். மாமாவுக்கு என் வணக்கம். எப்போதும்போல் உங்கள் ஆசி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையில் போடும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள். "அவங்களையாடி கூப்பிடறே? அவங்க தன் நோட்டுல எழுதி போன்ல அனுப்பினதைப் பாத்துத்தானே நான் எழுதினேன்!" உங்களைப் போல ரிட்டயரான கண்டக்டர்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உங்களுக்கு ஊசி ஆரம்பித்து இரண்டு வாரமாமே, அத்தை! கேட்டதும் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "அக்கா மத்தியானம் சாப்பிடவே மாட்டாளே" என்றார். டாக்டரிடம் போய் இரண்டு நோட்டுமே பொய் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அங்கே வருகிறார். கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எழுத வேண்டாம்.