நன்னாரி நிறத்தில் ஒரு வெர்மூத்

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று ஐந்து. அரியலூரில் என் மாமனார் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு காலி டம்ளர். அதை நீட்டிக்கொண்டிருந்தவர், என் கொழுந்தியாள் கல்பனாவைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா.

"சர்பத் இன்னொரு டம்ளர் கெடைக்குங்களாம்மா?"

மாமியார் முகத்தில் பூரிப்பு. (இரண்டாவது டம்ளர் கேட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்பது அவர் கணக்கு.)

கல்பனாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. கவலையெல்லாம் பையனின் அம்மாதான். அவர் சொல்லியனுப்பிய நிபந்தனை ஒன்றே ஒன்று: குடிக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்.

நான் சென்னையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். காக்டெயில் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்தியதிலிருந்து அந்தத் துறையில் நானே நிபுணன் என்று நினைப்பு. பிராந்தியும் சோடாவுமாக வாழ்ந்துவந்த மாமனாரைக் கரையேற்ற மூன்று பாட்டில்களோடு வந்திருந்தேன். ஜின், சிவப்பு வெர்மூத், பச்சை நிற மூலிகை மது. மூன்றும் சம அளவில் கலந்தால் 'பிஜூ'. பிரெஞ்சில் நகை என்று பொருள். வைரம், மாணிக்கம், மரகதம் என்று முந்தின நாள் மாலை மாமனாருக்கு வகுப்பெடுத்து, ஆளுக்கொன்று கலக்கியும் கொடுத்தேன்.

"தனித்தனியா ஊத்திருந்தா மூணு ரவுண்டு வந்திருக்குமே மாப்ள," என்றார்.

ஜின்னும் பச்சையும் என் பெட்டிக்குள் போயின. வெர்மூத் ஒயின் வகை. திறந்துவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். (இதெல்லாம் தெரிந்தவன் அல்லவா நான்!) ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மாமியாரின் ஃபிரிட்ஜில் எந்தப் பாட்டிலும் தன் லேபிளுக்கு உண்மையாக இருந்ததில்லை. ரம் பாட்டிலில் மோர், பிராந்தி பாட்டிலில் நன்னாரி. கருஞ்சிவப்பாக இன்னொரு பாட்டிலைப் பார்த்தவர், அதுவும் தான் ஊற்றி வைத்ததே என்று நம்பி, டம்ளர்களில் ஊற்றி எலுமிச்சம்பழமும் பிழிந்துவிட்டார்.

சம்பந்திக்கு இரண்டாவது டம்ளரும் வந்து சேர்ந்தபோதுதான் அந்த வாசனை எனக்குப் பிடிபட்டது. சமையலறைக்கு ஓடினேன். பாட்டிலில் பாதிதான் இருந்தது. பக்கத்தில் நின்ற கல்பனாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாது கல்பனா. எலுமிச்சம்பழ வாசனை மறைச்சிடும். பேசாம இரு."

"நாளைக்கு அந்த வூட்டுல போயி வாழப்போறது நீங்களா மாமா, நானா?"

நேராகக் கூடத்துக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மா முன் நின்றாள்.

"அத்தை, அது சர்பத் இல்லைங்க. எங்க அக்கா வூட்டுக்காரர் வாங்கியாந்த ஒயினு. அம்மா தெரியாம ஊத்திட்டாங்க. எங்கப்பாவும் குடிப்பாருங்க."

மாமனார் கூரையைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையன் கல்பனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் தன் டம்ளரை முகர்ந்தார். ஒரு வாய்தான் குறைந்திருந்தது. பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு வாய்லயே கசந்துச்சு. உங்களுக்கு எப்படிங்க ரெண்டு டம்ளர் எறங்குச்சு?"

"மூலிகைன்னு நெனச்சேன்."

"அந்த நாத்தமே தெரியாதுன்னு முப்பது வருசமா சொன்னீங்களே!"

"இப்பவும் தெரியலயே. அதான குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். (கிளம்பத்தான் பையைத் தொடுகிறார் என்று நினைத்து மாமியார் அழவே தொடங்கிவிட்டார்.)

"இங்க வா. மறைச்சிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். ஒரு வூட்டுல ஒருத்தராவது உள்ளதைச் சொல்லணும். எங்க வூட்டுல அப்படி ஆளே இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

கல்பனாவின் தலையில் பூ ஏறியது. கல்யாணமும் நடந்தது. விருந்துகளில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்; எல்லாவற்றிலும் முட்டாள் நான்தான்.

சம்பந்தி இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருக்குத் தரும் டம்ளர் முதலில் அவர் மனைவியின் மூக்குக்குப் போகிறது.