தேயிலைச் செடியால் அளந்த இருபதடி

1957ஆம் வருடம் ஜூன் மாதம் 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மழை. இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஜூன் மாதத்தில் மழை என்று எழுதுவது வீண் வேலைதான். ஆனால் அன்று காற்றும் சேர்ந்திருந்தது. என் குடையின் எட்டுக் கம்பிகளில் மூன்று மடங்கிப் போயிருந்தன. அந்தக் கோலத்தில், டிஸ்பென்சர் சூசையின் வீட்டுக்குப் பின்னால், இடுப்பளவு தேயிலைக்குள் நின்று நான் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காரணம் பொறாமை. வேறு காரணங்கள் பலவற்றை வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவை எதுவும் உண்மையில்லை.

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் சின்னக் கிளாக்கர், ஆபீஸில் கணக்கு எழுதுபவன். சூசை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். இருவருக்கும் ஒரே கட்டடம், ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு சுவர். அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. மூன்று வருடம் சமமாக வாழ்ந்தோம். மே மாதத்தில் அவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கிப் பின்பக்கம் ஓர் அறை இறக்கினார். அதன் ஜன்னலில் எட்டுக் கண்ணாடி. முதல் வாரத்தில் அதைப் பார்க்கப் பதினான்கு பேர் வந்தார்கள். என் வாசலுக்கு ஒருவர் வந்தார், அவரும் சூசையின் வாசல் எது என்று கேட்கத்தான்.

என் மனைவி மங்களம் இரண்டு வருடமாகச் சமையலுக்கு ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்த ஓர் அறையிலேயே அடுப்பு, விறகு ஈரம், புகையில் அவளுக்கு விடாத இருமல். "எட்டடி போதுங்க. அடுப்பும் நானும் நின்னா சரி" என்பாள். அவளுக்காகத்தான் விண்ணப்பம் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (எழுதத் தொடங்கியது சூசையின் ஜன்னல் வந்த மறுநாள்.)

தோட்டத்தில் துரையின் கடிதம் இல்லாமல் கோழிக்கூட்டுக்கு ஒரு தகரம் கூடப் போட முடியாது. கடிதத்துக்கு விண்ணப்பத்தில் நீள அகலம் எழுத வேண்டும். நான் எழுத விரும்பிய நீளம் ஒன்றே ஒன்று: சூசையின் அறையைவிடச் சற்று அதிகம். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் சுவரோரம் போனால் ஊர் சிரிக்கும். தேயிலைக்குள் நின்றால் கிளாக்கர் ஏதோ கணக்கெடுக்கிறார் என்று நினைப்பார்கள். செடிக்குச் செடி நாலடி என்று என் ஆபீஸ் புத்தகத்திலேயே இருந்தது. அவர் சுவர் நீளத்துக்கு நேராக நாலு செடி. நான்கு முறை எண்ணிப் பார்த்தேன். பதினாறடி! நான் இருபதடி என்று எழுதினேன்.

துரை என்னைக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசினார். என் ஆங்கிலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"இருவது அடியா? கிளாக்கருக்கு எத்தினி புள்ளை இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் இல்லைங்க தொரை."

அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அனுமதிக் கடிதத்தின் வாசகத்தைச் சொன்னார். நானே மூன்று பிரதி தட்டச்சு செய்தேன். கட்டுகிற செலவு என்னுடையது. கட்டிய பின் அறை தோட்டத்துக்குச் சொந்தம். தேவைப்பட்டால் தோட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த வரியை மூன்று முறை ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன். பிழையைத் தேடினேனே தவிர, அர்த்தத்தைத் தேடவில்லை.

ஆகஸ்ட் மாதம் அறை எழுந்தது. ஜன்னலில் பன்னிரண்டு கண்ணாடி. மங்களம் களிமண் குழைத்து அடுப்புப் போட வந்தபோது நான்தான் தடுத்தேன். பார்க்க வருகிறவர்கள் பார்த்து முடிக்கட்டும், புகை பிடித்தால் கண்ணாடி கறுத்துவிடும் என்றேன். அவள் இருமினாள். ஒன்பது நாள் காத்திருந்தோம். ஆறு பேர் வந்தார்கள்.

ஆறாவது ஆள் சூசை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக நடந்தார்.

"பெருசா இருக்குங்க. எங்களுது ஒம்பதடிதான்."

பதினாறடி என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"அது பழைய தேயிலைங்க. வெள்ளைக்காரன் மொதமொத நெருக்கமா வச்சது, செடிக்குச் செடி மூணடி. நாலு செடின்னா நடுவுல மூணு இடைவெளிதானே?" பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னைக்கு மழையில நீங்க நாலு தடவ எண்ணினீங்க. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மருந்து ஏதும் வேணுமோன்னு நெனச்சேன்."

அந்தக் கண்ணாடி ஜன்னலால் அவருக்குக் கிடைத்த முதல் காட்சியே நான்தான்.

அன்று மாலை அடித்த காற்றில் பிள்ளைக் காம்பராவின் கூரை போய்விட்டது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. மறுநாள் காலை துரை என் அறைக்குள் வந்து நின்றார். நீளத்தைப் பார்த்தார். பன்னிரண்டு கண்ணாடியையும் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இருவது அடி. அடுப்பு இல்லை, பொகை இல்லை. நல்லது, கிளாக்கர்."

ஏழரை மணிக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா தொட்டில் சேலைகளோடு வந்துவிட்டாள். இருபத்து மூன்று குழந்தைகள். ஒரு குழந்தை அழுதால் எத்தனை நிமிடத்தில் மற்ற இருபத்திரண்டும் சேரும் என்பதை நான் குறித்து வைத்திருக்கிறேன், இரண்டு நிமிடம். சுவருக்கு இந்தப் பக்கம் மங்களம் பழைய அடுப்பிலேயே, பழைய புகையிலேயே நான்கு வருடம் சமைத்தாள், எனக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகும்வரை. அவள் என்னைத் திட்டியதே இல்லை. முதல் நாள் சோறு போடும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"எட்டடிதாங்க கேட்டேன்."

எட்டடிக்கு அனுமதி கேட்டு, அன்றே அடுப்பும் போட்டிருந்தால், எந்தத் துரையும் அதைக் கேட்டிருக்கமாட்டார். இது எனக்கு அப்போதே தெரிந்தது. அதைவிட என்னை உறுத்தியது, அந்தக் குழந்தைகளின் சத்தம் சூசையின் பக்கம் அவ்வளவாகக் கேட்காது என்பது. இன்றும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் நாடாவைத் தேடுவதில்லை. திரைச்சீலைக்குத் துணி வாங்கினாலும் சரி, பேரனுக்குக் கட்டில் செய்தாலும் சரி, மங்களம் என் பக்கம் திரும்பி, "எத்தனை செடி வருங்க?" என்று கேட்பாள். மருமகள்கூட இப்போது கேட்கிறாள்.

தகரம், பலகை, ஆணி, மேசன் கூலி, கண்ணாடி பன்னிரண்டு, பிள்ளைக் காம்பரா திறந்த அன்று துரை சொன்னாரென்று நான் வாங்கிக் கொடுத்த இனிப்பு, எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது சதம்.