பின்கண்ணாடிக்கு ஒரு தெளிவுச் சான்று

கார்களுக்குப் பின்பக்கம் கண்ணாடி வைப்பது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. இந்தக் கருத்தை வாதாடி நிறுவ வேண்டிய நிலைமை எனக்கு நெடுங்காலம் வரவில்லை. வந்தபோது தோற்றுவிட்டேன். அது நடந்த முறையை, முன்பின் மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காரின் பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. கார் வாங்கிய காலத்தில் அதுதான் நாகரிகம். காருக்குள் இருப்பவர் யார் என்று வெளியே தெரியாவிட்டால், இருப்பவர் பெரிய மனிதர் என்று பொருள். எங்கள் காருக்குள் பெரும்பாலும் நானும் என் மனைவியும் ஒரு மூட்டை வெங்காயமும் இருப்போம். அந்த மரியாதையில் வெங்காயத்துக்கும் பங்கு கிடைத்தது. ஃபிலிம் ஒட்ட வைத்தவர் என் மைத்துனர். "அத்தான், இது இல்லாம வண்டிய வெளிய எடுத்தீங்கன்னா டாக்ஸின்னு கை காட்டுவாங்க" என்றார். கை காட்டினால் நிறுத்தாமல் போகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. அதனால் ஒட்டச் சொன்னேன்.

காலப்போக்கில் கறுப்பு ஊதாவாகியது. ஊதாவில் கொப்புளங்கள் எழும்பின. பின்னால் வரும் லாரி ஒரு கொப்புளத்தில் நெளிந்து, அடுத்ததில் இரண்டாகி, மூன்றாவதில் காணாமல் போகும். எனக்கு அது பழகிவிட்டது. காணாமல் போனால் லாரி மிக அருகில் வந்துவிட்டது என்று கணக்கு.

இந்தக் கணக்கைப் பழக மறுத்தவள் என் மனைவி. இந்த வருடம் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். காரணம் அவளுடைய தங்கை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நகரத்தின் மறுகோடியில் வீட்டோடு இருக்கிறாள். அங்கே போக வேண்டும் என்றால் மனைவி என்னிடம் சொல்ல வேண்டும். நான் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. செய்தித்தாளை மடிப்பேன். செருப்பைத் தேடுவேன். சாவியைத் தேடுவேன். நடுவில் எங்கோ ஒரு பெருமூச்சு வரும். அவ்வளவுதான்.

"அந்தப் பெருமூச்சு இல்லாம ஒரே ஒரு தடவை அவ வீட்டுக்குப் போயிட்டு வரணும். அதுக்குத்தான் லைசென்ஸ்" என்றாள்.

"நான் எப்ப பெருமூச்சு விட்டேன்?"

"இப்பக்கூட விட்டீங்க."

ஓட்டுநர் தேர்வை நம் சொந்தக் காரிலேயே கொடுக்கலாம். கொடுக்கப் போனாள். தேர்வு வைக்கும் அதிகாரி காரைச் சுற்றி வந்து, பின்கண்ணாடியின் முன் நின்று, அதில் நெளிந்து தெரிந்த தன் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். "இதுல எப்படிம்மா ரிவர்ஸ் எடுப்பீங்க? ஃபிலிமை எடுத்துட்டு, தெளிவுச் சான்றோட வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவளுடைய பழகுநர் உரிமம் மாதக் கடைசியில் முடிகிறது. முடிந்தால் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

"மறுபடி முதல்ல இருந்தெல்லாம் என்னால முடியாது" என்றாள் மனைவி. "காலம் பூரா உங்க மூச்சையே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஸ்டிக்கர் கடைக்காரர் வந்து பார்த்தார். கண்ணாடியை நகத்தால் தட்டினார். "இந்த ஃபிலிம் கண்ணாடியோட குடும்பமே நடத்திருச்சு சார். கண்ணாடியையே மாத்திடுங்க" என்றார். மைத்துனரோ பிளேடு போட்டுச் சுரண்டச் சொன்னார். எங்கள் பின்கண்ணாடியில் பனி படியாமல் இருக்கச் சூடேற்றும் கோடுகள், தலைமுடி கனத்தில், வரிசையாக ஓடுகின்றன. பிளேடு போட்டால் ஃபிலிமோடு கோடும் வந்துவிடும். ஆகவே இருவர் யோசனையையும் மரியாதையாக ஒதுக்கிவிட்டு நாங்களே இறங்கினோம்.

மனைவி ஹேர் டிரையரால் ஓர் ஓரத்தைச் சூடாக்கினாள். நான் பின்சீட்டில் முழங்காலிட்டு, நகத்தால் நுனியைக் கிளப்பி, மெதுவாக இழுத்தேன். அவசரப்பட்டால் தபால்தலை அளவுக்குக் கிழிகிறது. பொறுமையாக இழுத்தால் கைக்குட்டை அளவுக்கு வருகிறது. ஃபிலிம் வந்த இடத்தில் பசை தங்கிவிட்டது. அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பழைய செய்தித்தாளை நனைத்து ஒட்டி, ஊற வைத்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் கோடுகளின் போக்கிலேயே வழித்தேன். என் கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். வங்கியில் மேலாளர். "என்ன சார் பண்றீங்க?"

"ஃபிலிம் எடுக்கறேன் சார்."

"அப்படியா. மாட்டிக்கிட்டீங்களோன்னு நினைச்சேன்."

சாயங்காலம் கண்ணாடி தெளிந்தது. மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு கேட், அதன்மேல் ஒரு பூனை, தூரத்தில் தண்ணீர்த் தொட்டி.

"அந்தப் பூனை இத்தனை வருஷமா அங்கதான் உக்காந்திருக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் சான்று வாங்கப் போனோம். பிரிவின் பெயர் 'வாகனப் பார்வைத் தெளிவு மற்றும் ஒளிமறைப்பு நீக்கப் பிரிவு'. அறையின் ஜன்னல்கள் அத்தனையிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. தெளிவு அலுவலர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். பிறகு எழுந்து வெளியே வந்து காரைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஒளிமறைப்புத் தாள் எங்கே?"

"எடுத்துட்டோம் சார்" என்றேன்.

"எப்ப?"

"நேத்து."

"யார் முன்னிலையில?"

"ஒரு பூனை இருந்துச்சு" என்றாள் மனைவி.

அலுவலர் அதைப் பரிசீலித்துத் தள்ளுபடி செய்தார். "அம்மா, நான் குடுக்கறது 'அகற்றப்பட்டது'ன்னு சான்று. என் கண்ணு முன்னால தாள் இருக்கணும், என் கண்ணு முன்னால அது போகணும். உங்க கண்ணாடியில ஒண்ணுமே இல்லையே. இல்லாததை எப்படி அகற்றினதா எழுதுவேன்?"

"அப்ப 'இல்லை'ன்னு எழுதிக் குடுங்களேன் சார்."

"இல்லைங்கறதுக்கு இங்க சான்று கிடையாதும்மா. அப்படிக் குடுக்க ஆரம்பிச்சா ஊர்ல தாளே ஒட்டாத வண்டியெல்லாம் வந்து நிக்கும். ஒழுங்கா நடந்துக்கிட்டவங்களையெல்லாம் கவனிக்க இங்க ஆள் பத்தாது."

"பிய்ச்ச துண்டெல்லாம் வாளியில வச்சிருக்கேன். கொண்டு வரட்டுமா?"

"அது இந்தக் கண்ணாடியில இருந்ததுதான்னு எப்படித் தெரியும்?"

"திருப்பி ஒட்டிக் காட்டினா தெரியும்" என்றேன் நான்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அலுவலக அறைகளில் நான் வேடிக்கை பேசுகிறவன் அல்ல. அன்று ஏதோ வாயில் வந்துவிட்டது. அலுவலரின் முகம் மலர்ந்தது.

"அதுதான் சார் வழி. விவரம் தெரிஞ்சவங்க வந்தா வேலை எவ்வளவு சுலபமா முடியுது பாருங்க. ஒட்டிக்கிட்டு வாங்க."

மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். காரில் ஏறியதும், "நீங்க பெருமூச்சே விட்டிருக்கலாம்" என்றாள்.

ஸ்டிக்கர் கடையில் வரிசை நின்றது. கடைக்காரர் ஒவ்வொரு காராகக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒட்டறதுக்கா, எடுக்கறதுக்கா?"

"எடுக்கறதுக்காக ஒட்டணும்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"அதுக்குத் தனி ரகம் இருக்கு சார். அதிகாரி முன்னால ஓரத்தைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா முழுசா வந்துரும். பசை ஒட்டாது, அவருக்கும் நேரம் மிச்சம்."

எங்களுக்கு முன்னால் நின்றது எதிர்வீட்டுக்காரரின் புதிய கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன் கண்ணாடிகள் பளிங்கு மாதிரி இருந்தன.

"உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்டேன்.

"சிக்னல்ல நிறுத்திச் சான்று எங்கேன்னு கேக்கறாங்க சார். கண்ணாடியைக் காட்டினா, கண்ணாடியைக் கேக்கலை, சான்றைக் கேட்டேன்னு சொல்றாங்க. முதல்ல ஒட்டணும், அப்புறம் எடுக்கணும். எதுக்கும் ஒரு முறைன்னு இருக்கில்ல."

அவர் படித்தவர். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் தெளிவு அலுவலர் முன்னிலையில் புது ஃபிலிமின் ஓரத்தை மனைவி பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்தது. அலுவலர் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து வணங்கினேன். "தெளிவு" என்று அவர் சொல்ல, பக்கத்தில் நின்ற உதவியாளர் எழுதிக்கொண்டார். பிறகு சான்றை எடுத்து வந்தார்கள்.

சான்று மஞ்சள் நிறத்தில், தடித்த தாளில், சுருட்டி வைத்த பாய் மாதிரி வந்தது. விரித்துக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சரியாக இருந்தது. 'இக்கண்ணாடியின் வழியே எவ்விதத் தடையுமின்றிப் பார்க்க இயலும் என இதனால் சான்றளிக்கப்படுகிறது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே முத்திரை. முத்திரைக்குக் கீழே, இச்சான்றைக் கிழித்தல், மடித்தல், நறுக்குதல், சுரண்டுதல் ஆகியவை குற்றமாகும் என்ற எச்சரிக்கை.

மனைவி அலுவலரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், இதை ஓரமா ஒட்டக்கூடாதா?"

"ஓரமா ஒட்டினா நடுக் கண்ணாடிக்கு யாரும்மா பொறுப்பு?"

"இவ்வளவு பெருசா வேணுமா?"

"பின்னால வர்றவங்க படிக்கணுமே."

"அப்ப பின்னால வர்றவங்க எனக்குத் தெரிய வேண்டாமா?"

அலுவலர் பொறுமையாகச் சிரித்தார். "உங்களுக்குத்தான் தெரியும்னு சான்றே குடுத்துட்டோமேம்மா."

உரிமம் முடிய இருந்த வாரத்தில் தேர்வு. தேர்வதிகாரி சான்றைக் கையால் தடவிப் பார்த்து, "இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு" என்றார். மைதானத்தில் மனைவி எட்டு போட்டாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள். எதிலும் குறை இல்லை. கடைசியில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கதவிலிருக்கும் சிறு கண்ணாடிகளைப் பார்த்து எடுக்கக்கூடாது, பின்கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. மனைவி தலையைத் திருப்பினாள். மஞ்சள் தாளின் வெள்ளை முதுகு தெரிந்தது. அதையே கூர்ந்து பார்த்தபடி காரைப் பின்னால் எடுத்தாள். இடப்பக்கத்துக் கம்பு சாய்ந்தது.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவள் இறங்கி வந்து விழுந்த கம்பின் பக்கத்தில் நின்ற விதத்தைப் பார்த்ததும், தங்கை வீடு வெகுதூரம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இடிச்சுட்டேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றாள்.

தேர்வதிகாரி திடுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"உள்ளதைத்தான் சார் சொல்றேன்."

"நீங்க தெரியலைன்னு சொன்னா நான் தெரியலைன்னு எழுதணும். நான் தெரியலைன்னு எழுதினா, தெரியும்னு சான்று குடுத்தது தப்புன்னு ஆகும். அதுல கையெழுத்துப் போட்டிருக்கறது எனக்கு மேல இருக்கறவர். எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா."

"அப்ப, தெரிஞ்சே இடிச்சேன்னு எழுதுங்க."

"தெரிஞ்சு இடிச்சா அது கிரிமினல் கேஸ். வேற டிபார்ட்மென்ட்."

இரண்டு பேரும் கம்பைப் பார்த்தார்கள். தேர்வதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். மைதானத்தில் ஓர் இலை அசையவில்லை.

"காத்து" என்றார்.

"காத்தே இல்லையே சார்."

"இருந்துச்சும்மா. பலமா இருந்துச்சு. தயவுசெஞ்சு நீங்க இடிக்கலைன்னு ஒத்துக்குங்க."

என் மனைவி வாழ்நாளில் செய்த தவற்றை மறைத்தவள் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள். நான் என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன். அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். உடனே திரும்பி, "ஆமா சார், நல்ல காத்து" என்றாள்.

லைசென்ஸ் வந்துவிட்டது.

இப்போது எங்கள் தெருவில் மஞ்சள் தாள் இல்லாத கார் கிடையாது. புது கார் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ஒட்டி, அலுவலகத்தில் எடுத்து, சான்றோடுதான் வீட்டுக்கு ஓட்டி வருகிறார்கள். என் மைத்துனர் சான்றுக்கு மேல் பளபளக்கும் உறை போட்டிருக்கிறார். "அத்தான், இந்த மஞ்சள் இல்லாம வெளிய எடுத்தா டாக்ஸின்னு கை காட்டுவாங்க" என்கிறார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சான்று மங்காமல் இருக்க ஈரத்துணியால் துடைக்கிறேன். ஒருநாள் அந்த அலுவலகம் வழியாகப் போனபோது, தெளிவு அலுவலர் தன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். உதவியாளர் காருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி, "வாங்க சார், வாங்க, இன்னும் வரலாம், போதும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். மனைவி தங்கை வீட்டுக்குத் தனியாகவே போகிறாள், தனியாகவே வருகிறாள். கிளம்பும்போது மட்டும் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செய்தித்தாளை மடித்து, செருப்பைத் தேடி, கேட்டைத் திறந்து, காருக்குப் பின்னால் போய் நிற்கிறேன். எதிரே வங்கி மேலாளர் தன் மனைவியின் காருக்குப் பின்னால் நிற்கிறார். அடுத்த வீட்டிலும் ஒருவர் நிற்கிறார். காலை வேளையில் தெரு முழுக்க "வா, வா, இன்னும் வா" என்று ஒரே குரலாக இருக்கும். ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வோம்.

இன்று காலை கார் பாதியில் நின்றது. மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்னங்க, பின்னால யாராவது இருக்காங்களா?"

"ஒரு பூனை இருக்கு. போயிரும். நீ வா."

"சரி" என்றாள். "அதைப் பெருமூச்சு விடாம சொல்லுங்க."