ஏரி ஊட்டிய கலோரி

செவ்வாய்க்கிழமை மாலை முத்துசாமி அரைக் கிலோ கூடியிருந்தார்.

"இன்னொரு தடவ பாருங்க பாய்," என்றார் ஆதிமூலம்.

"மூணு தடவ பாத்துட்டேன் ஐயா. முள்ளு பொய் சொல்லாது," என்றார் உதுமான்.

பாகூர் கடைத்தெருவில் உதுமானின் நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அது. ஒரு பலகைத் தட்டில் ஏரியில் மீன் பிடிக்கும் முத்துசாமி குந்தியிருந்தார். மற்ற தட்டில் கொம்யூன் எனும் ஊராட்சி அலுவலகத்தின் எழுத்தர் ஆதிமூலம், கால்சட்டையும் கோட்டுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மீன் பிடிச்சா எட கொறையணும் பாய். கூடினா எப்படி?"

"அத என்னக் கேட்டா? மீனக் கேளுங்க."

சண்டைக் காலம். பர்மா அரிசி நின்று போனதால் எல்லாருக்கும் அளந்துதான் கொடுத்தார்கள். உடம்பால் உழைக்கிறவர்களுக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்றரைப் படி கூடுதல். அந்தக் கூடுதல் யாருக்கு என்பதைக் கலோரி முடிவு செய்யும் என்று புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வேலை செய்தால் உடம்பு எரியும். எரிந்தால் எடை குறையும். ஒரு கிலோ குறைந்தால் ஏழாயிரம் கலோரி. ஐந்து நாள் நிறுத்துப் பார்த்து எழுத வேண்டும்.

உழவு, கரும்பு வெட்டு, மூட்டை தூக்குதல் எல்லாம் நிறுக்காமலே பட்டியலில் ஏறிவிட்டன. ஏரி மீன்பிடிப்புக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி. 'இது உழைப்பா, ஓய்வுநேர இன்பமா என்று அளந்து அறியவும்' என்று அடியில் எழுதியிருந்தது. எழுதியவர், குடை நிழலில் நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்காரும் துரைகளை மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் பதின்மூன்று மீன்பிடிக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் உலையில் விழ வேண்டிய ஒன்றரைப் படி ஆதிமூலத்தின் பேனா முனையில் நின்றது. சனிக்கிழமை அந்தத் தாள் கைக்கு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நிறுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மண்டியின் பெரிய எடைக்கற்களை அரிசிக் கிடங்குக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவை இரண்டு கிலோ, ஒரு கிலோ, சில்லறைக் கற்கள். திங்கட்கிழமை காலை உதுமான்தான் வழி கண்டுபிடித்தார்.

"ஒங்க எட தெரியுமா ஐயா?"

"போன மாசம் வேல நிரந்தரமானப்ப டாக்டர் நிறுத்தாரு. அம்பத்திநாலு."

"அப்ப நீங்களே கல்லு. ஏறிக் குந்துங்க."

ஆதிமூலம் ஏறிக் குந்தினார். முத்துசாமி பக்கம் இரண்டு கிலோக் கல் வைத்ததும் முள் நேராக நின்றது. முத்துசாமி ஐம்பத்திரண்டு கிலோ என்று ஏட்டில் ஏறியது. ஆனால் செவ்வாய் மாலை ஒன்றரைக் கிலோக் கல்லிலேயே முள் நேராகிவிட்டது.

"கோவணம் ஈரமா கீதுய்யா, அதான்," என்றார் முத்துசாமி. அரசாங்கத்துக்காக நிறுக்கப்படுகிறோம் என்ற பயத்தில் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"கோவணம் அரைக் கிலோவாடா?" என்றார் உதுமான். "அது கோவணமா, கோணிப் பையா?"

"நாளைக்குத் தொடச்சுட்டு, காஞ்ச துணி கட்டிட்டு வா," என்றார் ஆதிமூலம். "அதுசரி, மத்தியானம் இன்னா சாப்ட்ட?"

"கூழு. அதே கூழு. கூடக் கேட்டா எங்க கீது?"

ஆதிமூலம் வீட்டுக்குப் போகிற வழியில் மூலநாதர் கோயிலில் நின்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். 'சாமி, கணக்கு சரியா வர்ற வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் எனக்கு. பகல்ல ஒரு வேளை போதும். முத்துசாமியை மட்டும் கொஞ்சம் இளைக்க வை' என்று வேண்டிக்கொண்டார். பிறர் உடம்பு இளைக்க வேண்டும் என்று வேண்டியது பிறகு மனத்தை உறுத்தவே, திரும்பி வந்து, 'நோய் நொடி இல்லாமல்' என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை அலுவலக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே ஏரிக்குப் போனார். முத்துசாமி கரையோரத் தண்ணீரில் அசையாமல் நின்றிருந்தார். வெகு நேரம் கழித்து வலையை ஒரு தடவை வீசினார். பிறகு மறுபடியும் அசையாமல் நின்றார்.

"முத்துசாமி, கொஞ்சம் நடயேன்பா."

"நடந்தா மீனு ஓடிடும் ஐயா."

"நின்னா கலோரி எரியாதே!"

"அது இன்னா ஐயா கலோரி?"

"வயித்துக்குள்ள எரியற நெருப்புன்னு வெச்சுக்கோ."

முத்துசாமி இடுப்பளவுத் தண்ணீரைப் பார்த்தார். "இங்க நின்னா அவிஞ்சு போவாதா?"

ஆதிமூலம் இருப்புக்கொள்ளாமல் கரைமேல் மேற்கும் கிழக்குமாக நடந்தார். எங்கே மீன் துள்ளினாலும் ஓடிப்போய், "இங்க, இங்க!" என்று கை காட்டினார். ஏரிக்கரையோ நீளமானது.

உச்சிவேளையில் முத்துசாமியின் மனைவி வள்ளியம்மாள் கூழ்ச்சட்டியோடு வந்தார். இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. சட்டியில் ஓர் ஆளுக்குத்தான் இருந்தது.

"நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"வூட்டுலயே துன்னுட்டேன் ஐயா."

குழந்தை பால் குடிக்க முயன்று, கிடைக்காமல் வீறிட்டது. அது பொய் சொல்லவில்லை.

ஆதிமூலம் தம் தூக்குச்சட்டியைத் திறக்காமலே நீட்டினார். "இத நீ எடுத்துக்கோம்மா. எனக்கு விரதம்."

"விரதமா? அப்ப எதுக்கு ஐயா சோறு கட்டியாந்தீங்க?"

"விரதம்னு வூட்டுல சொல்ல மறந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு, முத்துசாமிக்கு இதுல ஒரு பருக்க குடுக்கக் கூடாது. கணக்கு கெட்டுடும்."

வள்ளியம்மாள் மரத்தடியில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். சற்று நேரத்தில் குழந்தை அடங்கியது. ஐந்து நாளில் அந்த ஒரு நேரம்தான் ஆதிமூலத்தின் மனம் கலோரியை மறந்து குளிர்ந்தது.

அன்று மாலை முத்துசாமி உடம்பைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த வேட்டியோடு தட்டில் ஏறினார். ஒரு கிலோக் கல் வைத்ததும் முள் நேராகிவிட்டது.

"அம்பத்திமூணு!" என்றார் உதுமான். "காஞ்ச துணிக்கு இன்னும் அரைக் கிலோ ஏறிட்டான்!"

"சோத்துல கை வெச்சியா முத்துசாமி?"

"பெத்த புள்ள மேல சத்தியமா இல்ல ஐயா!"

ஆதிமூலம் ஏட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டார். ஒரு கிலோ ஏற்றம். அப்படியானால் முத்துசாமி ஏழாயிரம் கலோரி எரிக்கவில்லை. ஏழாயிரம் கலோரி சேர்த்திருக்கிறார். ஏரி அவருக்கு ஊட்டியிருக்கிறது! இதைப் படித்தால் கூடுதல் அரிசியை மறுப்பது மட்டுமல்ல, இதுவரை அளந்து கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்களே!

வியாழக்கிழமை காலை ஆதிமூலத்தின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "தொவச்சுத் தொவச்சுத் துணி விட்டுப்போச்சு," என்று சொல்லி ஒரு சணல் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நீராகாரத்தை நீட்டிய அவர் மனைவி ஆண்டாள், "துணியா விட்டுப்போச்சு?" என்று ஏதோ சொல்ல வந்தார். ஆதிமூலம் அதற்குள் ஏரிக்கரையில் இருந்தார்.

"ஒரு எடத்துல நிக்காம புடிக்கிற மாதிரி வேற வழியே இல்லயா முத்துசாமி?"

"கீது ஐயா. வலய வளைச்சுக் கட்டிட்டு, இன்னொருத்தன் தூரத்துலேருந்து தண்ணிய அடிச்சு மீனத் தொரத்திட்டு வரணும். எந்தம்பி வருவான். இப்ப காச்சல்ல படுத்துக் கீறான்."

"நான் அடிக்கிறேன்."

"நீங்களா! கோட்டு?"

ஆதிமூலம் கோட்டைக் கழற்றிப் புங்க மரத்தில் மாட்டினார். கழியை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முத்துசாமி வலையோரம் நின்றார். ஆதிமூலம் நூறு அடி தள்ளிப் போய், "ஹோ! ஹோ!" என்று கத்தியபடி தண்ணீரை அடித்துக்கொண்டு சேற்றில் ஓடிவந்தார். வலையைச் சேர்ந்து இழுத்தார். மறுபடி போனார், மறுபடி ஓடிவந்தார். பகலுக்குள் பதினாறு தடவை. கெண்டையும் விராலுமாக இரண்டு கூடை நிறைந்தது. இவ்வளவு மீனுக்கு முத்துசாமி எவ்வளவு உழைத்திருப்பார் என்று எண்ணியபோது ஆதிமூலத்துக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. உச்சிவேளையில் தூக்குச்சட்டி வழக்கம்போல வள்ளியம்மாள் கைக்குப் போனது.

மாலையில் முத்துசாமி பக்கம் கால் கிலோக் கல்லே போதுமானதாக இருந்தது.

"அம்பத்திமூணே முக்கால்," என்றார் உதுமான். இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை. "ஐயா, நான் சொல்றதக் கேளுங்க. அம்பதுன்னு எழுதிடுங்க. பதிமூணு வூட்டு வயிறு. அல்லா மன்னிச்சுடுவான்."

"அல்லா மன்னிச்சுடுவாரு பாய். கீழ 'சத்தியமாக'ன்னு போட்டு நானில்ல கையெழுத்துப் போடணும்! பொய்யில வந்த அரிசி அவங்க ஒடம்புல ஒட்டுமா?"

"உண்மையில வராத அரிசி மட்டும் ஒட்டுமா?"

முத்துசாமி தட்டிலிருந்து இறங்கி, செய்யாத குற்றத்துக்குக் கை கட்டி நின்றார். "நான் வேணா நாளைக்குக் கூழு குடிக்கல ஐயா."

"வேண்டாம்பா," என்றார் ஆதிமூலம். "நீ குடி. பட்டினி போட்டு எளைக்க வெச்சா அதுவும் பொய்தான்."

வெள்ளிக்கிழமை காலையும் அவர் ஏரியில் இறங்கித் தண்ணீரை அடித்தார். பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப் புதுச்சேரியிலிருந்து டாக்டர் வந்து மண்டியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏட்டில் தலை கவிழ்ந்தார். வாசலில் பதின்மூன்று குடும்பமும் வந்து நின்றது. வள்ளியம்மாள் முன்வரிசையில், கழுவிய தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கையில் வைத்திருந்தார்.

"கடைசி எடையப் போடுங்க," என்றார் டாக்டர்.

முத்துசாமி ஒரு தட்டில் ஏறினார். ஆதிமூலம் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம் தட்டில் ஏறினார். முத்துசாமியின் தட்டு விறுவிறுவென்று கீழே போனது. உதுமான் அரைக் கிலோக் கல்லை இந்த முறை ஆதிமூலம் பக்கம் வைத்தார். முள் நேரானது.

"அம்பத்திநாலரை," என்றார் உதுமான், காதில் விழாத குரலில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு. இன்னிக்கு ஐம்பத்திநாலரை. அஞ்சு நாள் மீன் பிடிச்சு ரெண்டரைக் கிலோ ஏறியிருக்கான். ஆதிமூலம், இந்தக் கணக்க நான் மேல அனுப்பினா, மெலிஞ்சவங்களயெல்லாம் ஏரியில எறக்குங்கன்னு உத்தரவு வரும்!"

யாரும் சிரிக்கவில்லை.

"கூட்டல் தப்போ, கழித்தல் தப்போ, எங்க தப்புன்னு தெரியல டாக்டர் முசே," என்றார் ஆதிமூலம். தட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "ஆனா இவங்க உழைக்கிறாங்க. நான் கூட நின்னு பாத்தேன். தண்ணியில எறங்கினாத்தான் தெரியுது."

டாக்டர் கெட்டவர் அல்ல. பேனாவைத் திறந்தவர் கொஞ்சம் தயங்கினார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

"எனக்கும் மனசு வரல. இந்த வாரம் ஏரியில எறங்கி வலை இழுத்தவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு கிலோ இளைச்சிருந்தாலும் போதும். இப்பவே முழு அரிசிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். அப்படி யாராவது உண்டா?"

பதின்மூன்று குடும்பமும் தரையைப் பார்த்தது. ஆதிமூலம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தட்டிலிருந்து இறங்கினார்.

அவரையும், தராசையும், தம் கையிலிருந்த தூக்குச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த வள்ளியம்மாள், கூச்சத்தோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஒருத்தரு கீறாரு ஐயா. எங்க வூட்டுக்காரரு கொஞ்சங்கூட ஏறல. அந்த எடக்கல்லுதான் ஏரியில எறங்கி எளச்சுப் போச்சு."