முளைக்கோஸும் ஒரு அரைவேக்காட்டு விருந்தாளியும்

விருந்தாளிகளில் எத்தனையோ ரகம் உண்டு. வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, மூக்கு முட்டச் சாப்பிட்டு, சோபாவிலேயே சாய்ந்து குறட்டை விடுகிறவரைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். அவரைப் போல ஒரு சாது கிடையாது. ஒரு புட்டி ஒயினோடு வந்து அதைத் தானே குடித்துத் தீர்த்துவிட்டுப் போகிறவராலும் வீட்டுக்காரிக்கு நஷ்டமில்லை. நீங்கள் பயப்பட வேண்டியவர் வேறொருவர். அவர் ஒத்தாசைக்காரர். "நீ ஒருத்தியே கஷ்டப்படாதே, ஒரு பதார்த்தம் நான் கொண்டு வந்துடறேன்" என்று ஒரு வாரம் முன்னதாகவே போன் செய்து சொல்லிவிடுவார். சொன்னபடி கொண்டும் வருவார்.

சமைக்காமல் கொண்டு வருவார்.

விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் வாழ்கிற மார்லிஸுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். கணவன் கர்ட்டின் அக்கா வெர்னா. நவம்பர் மாதக் கடைசியில் நன்றித் திருநாள் வரும், ஊரெல்லாம் வான்கோழி வாசனை வீசும், வெர்னாவும் வருவாள். அந்த அம்மாள் மனசு வைத்தால் ஆற அமர வீட்டிலேயே சமைத்து, மூடி போட்டு, சூடாக எடுத்து வரலாம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் அப்படிச் செய்தால் மற்றவர் வீட்டு அடுக்களைக்குள் நுழைவது எப்படி? அங்கே நின்று, இது சரியில்லை அது சரியில்லை என்று சொல்வதுதான் எப்படி?

அந்த வருஷம் மார்லிஸுக்கு வழக்கமான கவலைக்கு மேல் ஒரு கவலை. மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளையின் அப்பா அம்மா முதல் முறையாகச் சாப்பிட வருகிறார்கள். சம்பந்தியம்மாள் எலேன் வாய் திறந்து அதிகம் பேசாதவள் என்று பிரிட்டா எச்சரித்திருந்தாள். பேசாதவர்கள் சாப்பாட்டைத்தான் கவனிப்பார்கள் என்று மார்லிஸ் முடிவு கட்டிவிட்டாள். வான்கோழியை இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கார் நிறுத்தும் கொட்டகையின் குளிரில் வைத்து, போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவம் ஆன வீட்டில் குழந்தையைப் பார்ப்பது மாதிரி.

வெர்னா சரியாகச் சம்பந்திகள் வருவதற்குச் சற்று முன்பு வந்து சேர்ந்தாள். பின்னால் அவள் கணவர் கோர்டி, மான் வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒரு பெரிய துணிப்பையைச் சுமந்து வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, நேராகத் தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கப் போய்விட்டார். பையிலிருந்து முதலில் வந்தது ஒரு தடிமனான காய்த்தண்டு. அதைச் சுற்றிலும் முளைக்கோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸைப் பொம்மைக் கல்யாணத்துக்காகச் சிறிதாகச் செய்தால் எப்படி இருக்கும்? அதுதான் முளைக்கோஸ். அடுத்து ஒரு செங்கல் அளவு சீஸ், ஒரு டப்பா கிரீம், ஒரு முழுப் பூண்டு. அவ்வளவுதான்.

"மார்லிஸ், உங்கிட்ட ஒரு நல்ல கத்தி இருக்குமா?"

"இதோ அண்ணி."

வெர்னா அதைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தாள். "நல்ல கத்தின்னு கேட்டேன்."

காயைத் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி, காம்பை நறுக்கி, மேல் இலையை உரித்து, இரண்டாக வெட்டிப் போடுவது பொறுமையான வேலை. அந்தப் பொறுமையை மார்லிஸிடம் ஒப்படைத்துவிட்டு வெர்னா மேற்பார்வை செய்தாள். உருளைக்கிழங்கு மசிக்க வைத்திருந்த அடுப்பு அணைக்கப்பட்டது. சாஸ் கிளறிக்கொண்டிருந்த சட்டி ஓரம் கட்டப்பட்டது. பிறகு அந்த அம்மாளின் பார்வை ஓவன்மேல் விழுந்தது.

"உள்ள என்ன?"

"வான்கோழி அண்ணி. காலையிலேர்ந்து வேகுது. இன்னும் ஒண்ணரை மணி நேரமாவது ஆகும்."

"காலையிலேர்ந்தா! அதுவும் பாவம் கொஞ்சம் காத்து வாங்கட்டுமே. வெளியே எடு. என்னோடது இருபதே நிமிஷம்."

"இல்ல அண்ணி, நடுவுல எடுத்தா..."

"எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரனையே வான்கோழி ஊட்டித்தான் வளர்த்தேன்."

இந்த இடத்தில் நீங்கள் மார்லிஸாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பீர்கள், இல்லையா? சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒத்தாசைக்காரருக்கு முடியாது என்று சொல்வதற்கு இன்னும் எந்த மொழியிலும் வார்த்தை வரவில்லை. அவர் உதவி செய்யத்தானே வந்திருக்கிறார்! மார்லிஸ் இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு வான்கோழியை வெளியே எடுத்தாள். அப்போது வாசல் மணி அடித்தது.

"சம்பந்தி வந்துட்டாங்க. நீ இங்கயே நின்னுட்டிருந்தா என்ன நினைப்பாங்க? ஏப்ரனைக் கழட்டு. போய் உக்காரு. அடுக்களையை நான் பாத்துக்கறேன்."

ஆக, தன் வீட்டில், தான் கொடுக்கும் விருந்துக்கு, மார்லிஸ் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்தாள். எதிரே எலேன், நேராக நிமிர்ந்து, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். வரும் வழியில் பனி இருந்ததா என்று மார்லிஸ் கேட்டாள். இருந்தது என்றாள் எலேன். நிறைய இருந்ததா என்று கேட்டாள். ரொம்ப இல்லை என்றாள் எலேன். இந்தச் சம்பாஷணை நடுநடுவே அடுக்களையிலிருந்து வந்த குரலால் செழித்தது.

"மார்லிஸ்! சீஸ் துருவி எங்க?"

"இடதுபக்க இழுப்பறை, அண்ணி!"

"ரொட்டித்தூள்?"

"மேல் அலமாரி!"

"ஜாதிக்காய்? முழுசா இருக்கணும். தூள் வேணாம்."

"தூள்தான் இருக்கு அண்ணி!"

அலமாரிக் கதவு ஒன்று படாரென்று சாத்தப்பட்டது. பிறகு, எலேனுக்கும் கேட்கும்படி ஒரு பெருமூச்சு. "பரவால்ல. இருக்கறதை வெச்சு ஒப்பேத்தறேன்."

இருபது நிமிஷம் என்றால் என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முளைக்கோஸில் எண்ணெயும் உப்பும் பிசிறி, ஓவனின் சூட்டை ஒரே முடுக்காக முடுக்கி, ஓரமெல்லாம் கருகும்வரை வாட்டுவது முதல் இருபது நிமிஷம். அப்புறம் அதை மார்லிஸின் பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, பூண்டு போட்டுக் காய்ச்சிய கிரீமை ஊற்றி, துருவிய சீஸை மலையாகக் குவித்து, ரொட்டித்தூள் தூவி மறுபடி உள்ளே தள்ளுவது அடுத்த இருபது நிமிஷம். மேலே பொன்னிறம் வரவில்லையே என்று நிற்பது இன்னொரு இருபது. அத்தனை நேரமும் வான்கோழி மேடைமேல் கிடந்து காற்று வாங்கியது.

வாசனை மட்டும் கூடத்துக்கு வந்தது. கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் தலையைத் திருப்பினார்கள். மார்லிஸ் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் "உக்காரு, உக்காரு!" என்று குரல் வந்தது. கடைசியில், "என் வேலை முடிஞ்சுது, உன் வான்கோழியைத் திரும்ப உள்ள வெச்சுட்டேன், கவலையே படாதே" என்ற செய்தியும் வந்தது.

மார்லிஸ் அதை நம்பினாள். ஒரு மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

பசி எல்லோர் முகத்திலும் தெரிய ஆரம்பித்தபோது மேஜைக்கு அழைத்தார்கள். வான்கோழியையும் வெர்னாவே தூக்கி வந்து வைத்தாள். கர்ட் எழுந்து நின்றான். வருஷத்தில் ஒரு நாள் அவனுக்குக் கிடைக்கிற கௌரவம், வான்கோழியை அறுப்பது. கத்தியை எடுத்துத் தீட்டி, சம்பந்தியைப் பார்த்துத் தலையசைத்து, தொடைக்கும் உடம்புக்கும் நடுவே இறக்கினான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. இளஞ்சிவப்பான தண்ணீர் தட்டில் ஓடியது.

பிரிட்டா அடுக்களைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, ஓவன் அணைஞ்சிருக்கு. சில்லுனு கிடக்கு."

"நான்தான் அணைச்சேன்" என்றாள் வெர்னா, பதக்கம் வாங்கப் போகிறவள் மாதிரி. "என் வேலை முடிஞ்சதும் அணைச்சிடுவேன். பழக்கம். சில பேர் வீட்டுல மாதிரி கரண்டை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை."

"அக்கா, வான்கோழி உள்ள இருந்துச்சே!" என்றான் கர்ட்.

"அதை யாராவது சொல்லணும்ல?"

வான்கோழியை உள்ளே வைத்ததே அவள்தான். அதை யார் எடுத்துச் சொல்வது? சம்பந்தி முன்னால்? மார்லிஸ் எழுந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வான்கோழியை உள்ளே தள்ளி ஓவனைப் போட்டாள். குளிர்ந்த கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கண் எரிந்தது. இரண்டு நாள் ஊறப்போட்டதும், ஒரு மாதமாக இந்த நாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததும் அந்தச் சிவப்புத் தண்ணீரில் போயிற்று. கூடத்திலிருந்து வெர்னாவின் குரல் வந்தது:

"நல்ல வேளை, நான் இதைக் கொண்டு வந்தேன்!"

வெர்னா கனத்த துண்டில் சுற்றிச் சூடு ஆறாமல் வைத்திருந்த கண்ணாடிப் பாத்திரம் மேஜை நடுவே இறங்கியது. மேலே சீஸ் பொன்னாக உருகி, ஓரத்தில் கொதித்துப் பொரிந்து, ரொட்டித்தூள் மொறுமொறுவென்று நின்றது. கரண்டியை விட்டால் நூல் நூலாக இழுத்தது. ஆறிப்போன உருளைக்கிழங்கு, பன், புளிப்பான சிவப்புப் பழச் சாஸ் எல்லாம் அதற்குச் சேவகம் செய்தன. மாப்பிள்ளையின் அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டார். எலேன்கூட இரண்டாம் முறை தட்டை நீட்டினாள்.

"எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார் சம்பந்தி.

"அதெல்லாம் கைப்பக்குவம்" என்றாள் வெர்னா. பிறகு மார்லிஸின் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியமாக, "மனசை விடாதே. வான்கோழி எல்லாருக்கும் வந்துடாது" என்று ஆறுதல் சொன்னாள்.

மார்லிஸ் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி இளக்கம், லேசான கசப்பு, அதன்மேல் சீஸின் உப்பு. அது நன்றாக இல்லாமல் போயிருந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

ஒத்தாசைக்காரர் பாத்திரம் கழுவும் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார். அன்று பனி விழப்போகிறது என்று வெர்னாவுக்குத் தோன்றியது. கருகிய சீஸ் சிமெண்டாக ஒட்டிக்கிடந்த பாத்திரத்தைக் காட்டி, "இது உன்னோடதுதானே, நீயே வெச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள். கோர்டி மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"மார்லிஸ், வான்கோழி வெந்ததும் ஒரு கால் எனக்கு எடுத்து வெய்யும்மா. எனக்கு இந்த முளைக்கோஸ் எந்தக் காலத்துலயும் ஒத்துக்கிட்டதில்லை."

மார்லிஸ் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ துண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. எலேன்.

"நீங்க எதுக்குங்க, விடுங்க" என்று பதறினாள் மார்லிஸ்.

"துடைக்கத்தானே போறேன்." எலேன் ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். இன்னொன்றையும் துடைத்து வைத்தாள். பிறகு பேசினாள். "எங்க வீட்டுல ஓர்ப்படி ஒருத்தி இருக்கா. ஜெல்லி கொண்டு வருவா. தண்ணியா கொண்டு வருவா. 'இங்க வந்து உறைஞ்சா போதும்'னு சொல்லுவா. உடனே என் ஃபிரிட்ஜ்ல இருக்கறதெல்லாம் வெளியே வரணும்."

மார்லிஸ் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஒரு வருஷம் பன்றித் தொடையை எடுத்துப் பின்வாசல் பனியில வெச்சேன். பக்கத்து வீட்டு நாய் எலும்பைக்கூட மிச்சம் வைக்கலை. எல்லாரும் ஜெல்லி சாப்பிட்டோம். 'நல்ல வேளை, நான் கொண்டு வந்தேன்'னு அவ சொன்னா!"

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிற சிரிப்பு. என்ன ஆயிற்று என்று கர்ட் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாதது என்று புரிந்துகொண்டு பின்வாங்கினான். இருட்டும் வேளையில் வான்கோழி வெந்தது. தட்டு, கத்தி, மேஜை ஒன்றும் இல்லை. இரண்டு சம்பந்திகளும் ஓவன் பக்கத்திலேயே நின்றபடி கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். உப்பு உள்வரை ஏறியிருந்தது. "இது மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை" என்றாள் எலேன். அவள் வாயிலிருந்து அது வந்ததால் மார்லிஸ் நம்பினாள்.

கோட்டை மாட்டிக்கொள்ளும்போது எலேன் அவள் கையைப் பிடித்தாள். "கிறிஸ்துமஸுக்கு நீங்கதான் எங்க வீட்டுக்கு வரணும். எல்லாம் நானே செஞ்சிடறேன்."

"சேச்சே, நீங்க ஒருத்தியேவா கஷ்டப்படறது?" மார்லிஸுக்கு மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. "ஒரு பதார்த்தம் நான் கொண்டு வந்துடறேன். முளைக்கோஸ்னா உங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சிருந்துச்சே. அங்க வந்து லேசா ஒரு சூடு காட்டினாப் போதும்."

எலேனின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. மார்லிஸ் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க முடியாது; அதுதான் இந்த வியாதியின் லட்சணம்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் நாத்தனாரையோ ஓர்ப்படியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக நீங்கள் ஒத்தாசை செய்யப்போன வீட்டுக்காரியிடம், நான் வந்தது உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "தொந்தரவா? நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ!" என்று சொல்வாள். மறுநாள் வெர்னா போன் செய்து கேட்டபோது மார்லிஸும் வார்த்தை பிசகாமல் அதைத்தான் சொன்னாள்.